பிள்ளைக்கு வேண்டியது எது?

(அட்சய திருதியை விழாவில், பத்தாம் வகுப்பு எழுதிய மாணவ மாணவியர்க்கும் பெற்றோர்க்கும் ஆற்றிய உரை)



இன்று காலை ஆலயத்தில் நாம் அனைவரும் கருப்பஞ்சாறு பெற்றுப் பருகினோம். அந்தச் சாற்றுக்குப் பின்னாலுள்ள வரலாற்றை இங்குள்ள சிறுவர்களும் அறிவார்கள். துறவு பூண்ட ஆதிபகவன் ஆறு திங்கள் உண்ணாநோன்பு இருந்தார். நோன்பு முடிந்து, ஆகாரத்தின்பொருட்டு அவர் ஊர்தோறும் சென்றபோது மக்கள் அன்போடு எதிர்கொண்டனர். யானையையும் குதிரையையும் கொண்டுவந்து நிறுத்தினர். பொன்னும் மணியும் பட்டும் குவித்தனர். அவர் எதனையும் ஏற்காமல் நடந்தார். திங்கள் பல கழிந்தன. இறுதியில் அத்தினாபுரத்தில் சிரேயாம்சன், முற்பிறவி நினைவால் முறையறிந்து, கருப்பஞ்சாற்றை அளித்தான்.

அந்த மக்களிடம் அன்புக்குக் குறைவில்லை, செல்வத்துக்கும் குறைவில்லை. எதிரே நிற்பவருக்கு வேண்டியது எது என்பதை மட்டும் அவர்கள் அறிந்திருக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவு வந்தவுடன் பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்தின் முன் வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரலாறுதான் நினைவுக்கு வரும். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி, சேர்க்கை மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து அக்காட்சியைக் கண்டவள் நான். ஒருமுறை இந்தப் பக்கமும் நின்றிருக்கிறேன். அன்று என் கையில் இருந்தது பொன்னோ மணியோ, எதுவாயினும் அது கருப்பஞ்சாறு இல்லை. அந்தச் செய்தியைச் சற்றுப் பின்னர் கூறுகிறேன்.

நம் மாநிலத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது 1978ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் பள்ளியில் பதினொன்றாம் வகுப்போடு படிப்பு முடியும். பிறகு கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு. அந்த ஏற்பாடு மாறி, பதினொன்றும் பன்னிரண்டும் பள்ளிக்கே வந்தபோது அவ்வகுப்பில் சேர்ந்த முதல் அணியில் நானும் ஒருத்தி. அதனை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்லித்தர எங்களுக்கு முன்னே ஒருவரும் இல்லை. என் கணித மதிப்பெண் நன்றாகவே இருந்தது. சேர்க்கைப் படிவத்தை நிரப்பியவர், “பெண்பிள்ளைதானே, வரலாறு போதும்” என்று தாமே எழுதிக்கொண்டார். என் தந்தையார் தலையசைத்தார். என்னை நோக்கி எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. பின்னாளில் தமிழ் என் கையைப் பற்றிக்கொண்டது; குறையொன்றும் இல்லாமல் வாழ்ந்தேன். ஆயினும் அது தேடிச் சென்று பெற்ற பேறு என்று சொல்ல மாட்டேன், தற்செயலாக வாய்த்தது.

ஆதிபகவன் தம் மகளிருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது நம் புராணம். எண்ணைப் பெண்ணுக்குக் கற்பித்த மரபில் வந்தவர்கள் நாம். அந்த மரபில் பிறந்த நானே, பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தேன் என்பதை இன்றைய பெண்குழந்தைகள் அறிந்துகொள்ள வேண்டும்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். மேல்நிலை வகுப்பில் ஆறு பாடங்கள்; பாடத்துக்கு 100 வீதம் 600 மதிப்பெண். மொழிப்பாடமும் ஆங்கிலமும் அனைவர்க்கும் உண்டு. எஞ்சிய நான்கினை நீங்கள் சேரும் பிரிவு முடிவு செய்கிறது. இயற்பியல், வேதியியல், கணிதத்தோடு உயிரியல் சேர்ந்தால் ஒரு பிரிவு. கணினி அறிவியல் சேர்ந்தால் இன்னொன்று. கணிதம் இல்லாமல் தாவரவியலும் விலங்கியலும் அமைந்த பிரிவு உண்டு. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியலோடு வணிகக் கணிதமோ கணினிப் பயன்பாடுகளோ சேர்ந்த பிரிவுகள் உண்டு. வரலாறு, புவியியல், அரசியல் அறிவியல், சிறப்புத் தமிழ் அமைந்த பிரிவுகளும், தொழிற்கல்விப் பிரிவுகளும் உண்டு. எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பிரிவும் இராது. ஆகவே முதலில் பள்ளியை முடிவு செய்துவிட்டு, அங்கே இருப்பதை எடுத்துக்கொள்வது என்ற வழக்கத்தை மாற்றி, பாடத்தை முடிவு செய்துவிட்டுப் பள்ளியைத் தேடுங்கள்.

ஊரில் இப்பிரிவுகளுக்கு ஒரு தரவரிசை வைத்திருக்கிறோம். ‘முதல் குரூப்’ கிடைத்தால் பெருமை, வணிகவியல் என்றால் “மார்க் குறைந்துவிட்டதா?” என்ற கேள்வி, வரலாறு என்றால் கேள்வியும் இல்லை, ஓர் இரக்கப் பார்வைதான். இந்த வரிசை எந்த அரசாணையிலும் இல்லை. நம் திண்ணைகளில் எழுதப்பட்டது. 480 மதிப்பெண் பெற்ற பிள்ளை கணக்குப்பதிவியல் கற்க விரும்புகிறேன் என்றால், கிடைத்த பொன்னைக் கிணற்றில் எறிவதாகப் பதறுகிறோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் அந்தப் பிள்ளையால் எங்கே நுழைய முடியும் என்பதைக் காட்டும். எங்கே நிலைத்து நிற்க முடியும் என்பதைக் காட்டாது.

எந்தப் பாடம் எந்தக் கதவைத் திறக்கும், எதனை மூடும் என்பதைப் பெற்றோர்கள் உறுதியாக அறிந்துகொள்ள வேண்டும். சிலவற்றைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான தரவரிசை 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. நான்காவது பாடம் உயிரியலா, கணினி அறிவியலா என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. கணினிப் பொறியியல் படிக்க வேண்டுமானால் மேல்நிலையில் கணினி அறிவியல் எடுத்தே ஆகவேண்டும் என்று எண்ணி, விருப்பமான உயிரியலைத் துறந்த பிள்ளைகளை நான் அறிவேன். அந்தத் துறவு தேவையற்றது.

மருத்துவம் விரும்புவோர் எழுதும் நீட் தேர்வு 720 மதிப்பெண்ணுக்கு நடைபெறுகிறது. அதில் பாதியாகிய 360 உயிரியலுக்கு. மறுபாதி இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180. கணிதம் அத்தேர்வில் இல்லை. ஆகவே உயிரியலில் ஆர்வமும் இயற்பியலில் அச்சமும் உள்ள குழந்தை, அந்த மறுபாதியை எதிர்கொள்ள ஆயத்தமா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று: உயிரியல் படித்தால் மருத்துவர், இல்லையேல் வீண் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். வேளாண்மைக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் நம் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் மேல்நிலை மதிப்பெண் கொண்டே நிரப்பப்படுகின்றன. தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் என விரியும் பட்டப்படிப்புகளும் உள்ளன.

பட்டயக் கணக்காளர் படிப்பில் சேர வணிகவியல்தான் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. எப்பிரிவில் தேறியவரும் அதன் முதல்நிலைத் தேர்வை எழுதலாம். கணக்கியல், வணிகச் சட்டங்கள், அளவுத்திறன், வணிகப் பொருளியல் என நான்கு தாள்கள். வணிகவியல் பயின்றவருக்கு அவை பழகிய பாதையாக இருக்கும் என்பதே வேறுபாடு. ஐந்தாண்டுச் சட்டப்படிப்புக்கும் எப்பிரிவினரும் செல்லலாம். இந்திய ஆட்சிப்பணித் தேர்வுக்கு வேண்டியது ஒரு பட்டம். அது எத்துறைப் பட்டமாகவும் இருக்கலாம்.

இவற்றுள் எச்சரிக்கையோடு அணுக வேண்டியது கணிதம். பிற பாடங்களை விட்டால் ஒன்றிரண்டு கதவுகள் மூடும். கணிதத்தை விட்டால் பல கதவுகள் மூடும். பொறியியல், கட்டடக்கலை ஆகியவற்றுக்குக் கணிதம் வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியலைச் சிறப்புப் பாடமாகக் கற்பதற்கும் கணிதம் கேட்கிறார்கள். பொருளியல் கலைப்பாடம்தானே என்று எண்ணியிருப்பவர்க்கு இது வியப்பாக இருக்கலாம். ஆகவே கணிதத்தில் ஈடுபாடுள்ள குழந்தை, ஓர் ஆசிரியர் மீதுள்ள அச்சத்தாலோ, தோழி எடுக்கவில்லை என்பதாலோ அதனை விட்டுவிட வேண்டாம். அதே வேளையில் கணிதத்தைக் கண்டாலே இரவு உறக்கம் கெடும் குழந்தையை, கதவு மூடிவிடும் என்ற அச்சத்தில் உள்ளே தள்ளவும் வேண்டாம். திறந்திருக்கும் கதவாலும் நுழையாதவருக்குப் பயனில்லை. மூடிய கதவுக்கும் சில வேளைகளில் வேறு வழி உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இணையவழி நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பில் சேர, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும்; மேல்நிலையில் எப்பிரிவாயினும் தகுதித்தேர்வின் வழியே சேரலாம்.

அடுத்து, பிள்ளையின் இயல்பை அறிவது எப்படி? பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கரை வகைப்படுத்தினார். அன்னமும் பசுவும் போன்றோர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடைமாணாக்கர். ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றோர் கடைமாணாக்கர். பல ஆண்டுகள் அப்பகுதியை நடத்திய நான், வகுப்பறையில் வேறொன்றைக் கண்டேன். தமிழ் வகுப்பில் அன்னமாக இருந்த மாணவியே, அடுத்த மணியில் வேதியியல் வகுப்பில் ஓட்டைக் குடமாக அமர்ந்திருப்பாள். என் வகுப்பில் எருமையாக உறங்கிய ஒருவன், கணக்குப்பதிவியல் ஆசிரியருக்கு அன்னம். ஆகவே இந்தக் குழந்தை தலைமாணாக்கனா, கடைமாணாக்கனா என்று கேட்பதைவிட, எந்தப் பாடத்தில் அன்னமாகிறான் என்று கேட்பதே பயன் தரும்.

அதனை அறிய எளிய வழி ஒன்று உண்டு. செலவும் இல்லை. தேர்வு முடிவு வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. உறவினர் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்கள் இருக்கும். பாடநூல் கழகத்தின் நூல்கள் இணையத்திலும் கிடைக்கின்றன. ஐயமாக இருக்கும் ஒவ்வொரு பாடத்திலும் முதல் இரண்டு இயல்களைப் படியுங்கள். இயற்பியலில் எடுத்துக்காட்டுக் கணக்கை மூடிவைத்துவிட்டுத் தானே செய்து பாருங்கள். கணக்குப்பதிவியலில் பற்று எது, வரவு எது என்று பத்து நடவடிக்கைகளைப் பதிந்து பாருங்கள். உயிரியலில் ஒரு படத்தை வரைந்து பாகம் குறியுங்கள். விடை சரியா தவறா என்பது முக்கியமன்று. தவறியபோது மறுபடியும் செய்யத் தோன்றுகிறதா, புத்தகத்தை மூடத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். மறுபடியும் செய்யத் தோன்றும் பாடத்தோடு இரண்டாண்டுகள் வாழலாம். இத்தனைக்குப் பின்னும் தவறான பிரிவில் சேர்ந்துவிட்டதாகத் தோன்றினால், முதற்சில வாரங்களிலேயே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். இடமிருந்தால் மாற்றித் தருவது உண்டு. காலாண்டுத் தேர்வு வரை வாய்மூடி அழுதுகொண்டிருப்பதால் நன்மை இல்லை.

இனி நான் தள்ளிவைத்த செய்திக்கு வருகிறேன்.

2003இல் என் மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றாள். உயிரியல் படிக்க விரும்பினாள். எங்கள் ஊர்ப் பள்ளியில் உயிரியல் பிரிவு இல்லை. பதினான்கு கிலோமீட்டர் பேருந்தில் சென்று, இருள் விழும் நேரத்தில் திரும்ப வேண்டும். அந்நாளில், செய்முறை வகுப்பில் தவளையை அறுப்பார்களாம் என்று யாரோ சொன்னார்கள். நான் உடனே, “நம் குலத்தில் பிறந்துவிட்டு அந்தப் பாவம் வேண்டாம்” என்று சொல்லி, உள்ளூர்ப் பள்ளியில் வணிகவியலில் சேர்த்துவிட்டேன். கொல்லாமையின் பெயரைச் சொன்னதால் வீட்டில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

உண்மை என்னவென்றால், என்னைத் தடுத்தது தவளையன்று, அந்தப் பேருந்து. பெண்பிள்ளை இருட்டில் வருவாளே என்ற அச்சத்தை வெளியே சொல்ல எனக்கு வெட்கம். ஆகவே அறத்தை முன்னால் நிறுத்தி அதன் பின்னே ஒளிந்துகொண்டேன். சில ஆண்டுகள் கழித்து, அதே பள்ளியில் அதே ஆண்டு உயிரியல் பயின்ற ஒரு பெண்ணைச் சந்தித்தபோது தவளையைப் பற்றிக் கேட்டேன். “எங்களுக்கு மாதிரிகளையும் படங்களையும்தான் காட்டினார்கள், டீச்சர்” என்றாள். அந்தப் பள்ளிக்கு ஒருநாள் சென்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. பள்ளியைக் கேட்கவில்லை, பிள்ளையையும் கேட்கவில்லை.

என் மகள் இன்று வங்கியில் நல்ல பொறுப்பில் இருக்கிறாள். இரண்டாண்டுகளுக்கு முன்னர் என் அண்ணன் பேத்தி பத்தாம் வகுப்பு முடித்தபோது, குடும்பம் முழுவதும் கூடி அமர்ந்து எந்தப் பிரிவு என்று வழக்காடிக்கொண்டிருந்தோம். மதிப்பெண் மிகுதி, ஆகவே உயிரியல்தான் என்று பெரும்பாலோர் முடிவு கட்டிவிட்டோம். அதுவரை வாய் திறவாதிருந்த என் மகள், “அவளைக் கேட்டீர்களா?” என்றாள். கூடம் அமைதியாயிற்று. பின்னர் சமையலறையில் தனித்திருந்தபோது என்னிடம் சொன்னாள்: “எனக்கு உயிரியல் கிடைக்காமல் போனது இப்போது பெரிதாகத் தெரியவில்லை, அம்மா. நீங்கள் என்னிடம் உண்மையான காரணத்தைச் சொல்லியிருக்கலாம். பஸ்தான் பயம் என்று சொல்லியிருந்தால், தோழிகளோடு சேர்ந்து போகிறேன் என்று நானும் ஏதாவது வழி சொல்லியிருப்பேன். அகிம்சை என்று சொல்லிவிட்டீர்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?”

இருபது ஆண்டுகள் அந்தச் சொல்லை அவள் மனத்தில் வைத்திருந்தாள். என்னை 1978இல் எவரும் கேட்கவில்லை என்று குறைபட்டுக்கொண்ட நானே, 2003இல் அவளைக் கேட்காமல் விட்டேன்.

கொல்லாமையை மெய்யாகவே உள்ளத்தில் கொண்டு தயங்கும் குழந்தைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் தயக்கம் மதிப்புக்குரியது. அதற்காக வெட்க வேண்டாம். ஆனால் விசாரித்துவிட்டுத் தயங்குங்கள். பல்கலைக்கழக மானியக் குழு, விலங்கியல் முதலிய பட்டப்படிப்புகளில் உயிர்களை அறுத்துப் பயிலும் முறையைப் படிப்படியாகக் கைவிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை 2011இலேயே வெளியிட்டது. மருந்தியல் போன்ற சில துறைகளில் அக்கேள்வி பின்னர் மீண்டும் எழக்கூடும். எழும்போது எதிர்கொள்ளலாம். நோயுற்ற உயிருக்கு மருந்தளிப்பதும் நாம் போற்றும் நான்கு தானங்களுள் ஒன்று என்பதையும் அந்த நேரத்தில் எண்ணிப் பாருங்கள்.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இது. முடிவைப் பிள்ளையிடமே விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. பதினைந்து வயதுக் குழந்தைக்கு உலகம் தெரியாது. கதவுகளை விசாரித்து அறிந்து சொல்வது நம் கடமை. பணம் போதாது என்றால் போதாது என்றும், தொலைவு அச்சம் என்றால் அச்சம் என்றும் மறைக்காமல் சொல்லுங்கள். உண்மையான தடையைச் சொன்னால் பிள்ளையும் சேர்ந்து வழி தேடும். வேறொரு காரணத்தைச் சொல்லி மூடினால், பிள்ளை பணிந்துவிடும், மறக்காது. அனைத்தையும் சொன்ன பிறகு, இறுதிச் சொல்லை இரவில் அந்தப் புத்தகத்தோடு விழித்திருக்கப் போகிறவரே சொல்லட்டும்.

அன்று என் அண்ணன் பேத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், வணிகக் கணிதம். அண்ணனுக்கு முகம் வாடியது. ஆயினும் மறுநாள் அவரே உடன் சென்று சேர்த்துவிட்டார். இவ்வாண்டு அவள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. எத்தனை மதிப்பெண் பெறுவாள் என்று எனக்குத் தெரியாது. அரையாண்டுத் தேர்வின்போது ஒருநாள் அவர்கள் வீட்டில் தங்கினேன். இரவு பதினொரு மணிக்கு இருப்புநிலைக் குறிப்பின் இரு பக்கமும் ஒத்துவராமல் மூன்றாம் முறையாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். “படுத்துக்கொள் அம்மா, காலையில் பார்க்கலாம்” என்றேன். “கொஞ்சம் இருங்கள் பாட்டி, எங்கே விட்டேன் என்று கண்டுபிடித்துவிடுகிறேன்” என்றாள். கண்டுபிடித்த பிறகுதான் விளக்கை அணைத்தாள்.

அந்தக் குழந்தையின் கையில் கருப்பஞ்சாறு சேர்ந்துவிட்டது என்று அன்றிரவு எனக்குத் தோன்றியது. உங்கள் பிள்ளைகளையும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் வரை பொறுத்திருங்கள். பத்தாம் வகுப்பு முடித்த குழந்தைகள் அனைவரும் தமக்கு வேண்டியதைத் தாமே உணர்ந்து, அதனை அன்போடும் துணிவோடும் பெற்றோரிடம் எடுத்துரைத்து, கல்வியில் மேன்மேலும் உயர அறவாழி அந்தணன் அருள் துணைநிற்பதாக.